திருப்பிக் குத்தாத ஊசி

மருத்துவமனைகளில் ஊசி போடும் அறையின் சுவரில் ஓர் எச்சரிக்கை ஒட்டியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள்: ‘பயன்படுத்திய ஊசிக்கு மறுபடி மூடி போடாதீர்கள்.’ யோசித்தால் விநோதமாக இருக்கிறது. மூடி இருப்பதே பாதுகாப்புக்காகத்தானே? தொழிற்சாலையிலிருந்து வரும்போதே ஊசி அந்த மூடியோடுதான் வருகிறது. அதைக் கழற்றி, ஊசியைப் போட்டு முடித்து, பழையபடி மாட்டி வைப்பதில் என்ன ஆபத்து?

மூடி மாட்டும் அந்தக் கணத்தை நிதானமாகப் பார்த்தால் விடை கிடைக்கும். வலக்கையில் சிரிஞ்சு, இடக்கை விரல்களுக்கு நடுவே மூடி. மூடியின் வாய் சில மில்லிமீட்டர் அகலம்தான். அந்த வாயை நோக்கி ஊசி வருகிறது. ஊசியை நோக்கி மூடியைப் பிடித்த விரல்களும் போகின்றன. குறி மயிரிழை பிசகினாலும் ஊசி ஏறும் இடம் கட்டைவிரலோ ஆள்காட்டி விரலோதான். புது ஊசி குத்தினால் கொஞ்சம் வலியோடு போகும். நோயாளியின் உடம்புக்குள் போய்விட்டு வந்த ஊசி குத்தினால், அவருடைய ரத்தம் செவிலியரின் உடம்புக்குள் போகிறது. இதைத்தான் மருத்துவத் துறையினர் ‘நீடில்ஸ்டிக் இஞ்சுரி’ என்கிறார்கள். நாம் ஊசிக்குத்துக் காயம் என்று சொல்லலாம்.

ஒரு துளியிலும் குறைவான ரத்தம்

தையல் போடும் ஊசி உள்ளே கெட்டியானது. அது குத்தினால், மேலே ஒட்டியிருக்கும் ரத்தத்தில் கொஞ்சத்தைக் கையுறையே துடைத்துவிடும். சிரிஞ்சு ஊசி அப்படியல்ல. அது ஒரு மெல்லிய குழாய். குழாய்க்குள் இருக்கும் ரத்தத்தைக் கையுறையால் துடைக்க முடியாது. அப்படி உள்ளே போகும் ரத்தம் ஒரு மில்லிலிட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு அளவுதான் இருக்கும். ஆனால் வைரஸுக்கு அந்த அளவே போதும்.

எவ்வளவு ஆபத்து என்பது எப்படித் தெரிந்தது? ஊசி குத்திய மருத்துவப் பணியாளர்களை மாதக்கணக்கில் தொடர்ந்து பரிசோதித்து, எத்தனை பேருக்குத் தொற்று வந்தது என்று எண்ணிப் பார்த்தார்கள். ஹெபடைட்டிஸ் பி கிருமியுள்ள ரத்தம் என்றால், தடுப்பூசி போடாதவர்களில் 100-க்கு 6 முதல் 30 பேருக்குத் தொற்று ஏற்படலாம். ஹெபடைட்டிஸ் சி-க்கு இது 100-க்கு 2 பேர் அளவு என்று நெடுங்காலம் கணக்கிட்டிருந்தார்கள். பிந்தைய ஆய்வுகள் இன்னும் குறைவு என்கின்றன. எச்.ஐ.வி.க்கு ஏறக்குறைய 300-க்கு ஒருவர்.

1997-இல் வெளிவந்த ஓர் ஆய்வு இன்னொரு கேள்வியைக் கேட்டது. ஊசி குத்தியவர்களில் சிலருக்கு மட்டும் எச்.ஐ.வி. தொற்றியது ஏன்? தொற்றியவர்களையும் தொற்றாதவர்களையும் ஒப்பிட்டபோது சில காரணங்கள் தெளிவாகத் தெரிந்தன. காயம் ஆழமாக இருந்தது. ஊசியில் கண்ணுக்குத் தெரியும்படி ரத்தம் இருந்தது. அந்த ஊசி நோயாளியின் ரத்தக் குழாய்க்குள் போய் வந்திருந்தது. ஊசியை வடிவமைக்கும் பொறியாளருக்கு இது நல்ல வழிகாட்டி. எல்லா ஊசியும் ஒரே அளவு ஆபத்தானதல்ல. ரத்தம் எடுக்கும் ஊசியையும் நரம்பில் ஏற்றும் ஊசியையும்தான் முதலில் கவனிக்க வேண்டும்.

உலகச் சுகாதார நிறுவனத்துக்காகச் செய்த மதிப்பீட்டின்படி, 2000-ஆம் ஆண்டு வாக்கில் உலகெங்கும் இருந்த மூன்றரைக் கோடி மருத்துவப் பணியாளர்களில் ஆண்டுதோறும் 30 லட்சம் பேர் இப்படிக் காயப்பட்டார்கள். அதனால் ஏறக்குறைய 66,000 பேருக்கு ஹெபடைட்டிஸ் பி, 16,000 பேருக்கு ஹெபடைட்டிஸ் சி, ஆயிரம் பேருக்கு எச்.ஐ.வி. வந்திருக்கலாம்.

கவனக்குறைவா, கருவியின் குறையா?

1980-கள் வரை இதற்கெல்லாம் ஒரே விளக்கம்தான் இருந்தது: கவனக்குறைவு. ‘பார்த்து வேலை செய்’ என்று சொல்வதும் சுவரில் எச்சரிக்கை ஒட்டுவதுமே மருந்தாக இருந்தன. அமெரிக்காவின் வர்ஜீனியா பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய தொற்றுநோயியல் ஆய்வாளர் ஜனின் ஜாக்கர் இந்தக் கேள்வியைத் திருப்பிப் போட்டார். குத்துப்பட்டவர் யார் என்று பார்ப்பதை விட்டுவிட்டு, குத்திய கருவி எது என்று பார்த்தார்.

1988-இல் அவரும் சகாக்களும் வெளியிட்ட ஆய்வு, ஒரு பல்கலைக்கழக மருத்துவமனையில் நடந்த 326 ஊசிக்குத்துக் காயங்களை அலசியது. எண்ணிக்கையை மட்டும் பார்த்தால் முதல் குற்றவாளி சாதாரண சிரிஞ்சுதான். காயங்களில் 35 சதவீதம் அதனால் வந்தவை. ஆனால் மருத்துவமனையில் மிக அதிகமாகப் புழங்குவதும் அதுதானே? அதனால் ஒவ்வொரு கருவியிலும் எத்தனை வாங்கினார்கள் என்ற கணக்கை எடுத்து, காயங்களின் எண்ணிக்கையை அதனால் வகுத்தார்கள். படம் தலைகீழானது. வாங்கிய ஒரு லட்சம் சிரிஞ்சுகளுக்கு 6.9 காயங்கள்தான், இருந்த கருவிகளிலேயே அதுதான் மிகக் குறைவு. சொட்டு மருந்துக் குழாய்களை ஒன்றோடொன்று இணைக்கப் பயன்பட்ட ஊசிகளில் லட்சத்துக்கு 36.7 காயங்கள். பயன்படுத்தி முடித்ததும் கையால் பிரித்தெடுக்க வேண்டிய கருவிகள்தான் அதிகம் குத்தின.

ஒரு குழாயை இன்னொரு குழாயோடு சேர்க்கும் அந்த ஊசி நோயாளியின் தோலைத் தொடுவதே இல்லை. அந்த இடத்தில் ஊசி இருக்க வேண்டிய அவசியமே இல்லை. பிற்பாடு அந்த இணைப்புகளை ஊசியில்லாத இணைப்பான்களாக மாற்றினார்கள். இல்லாத ஊசி யாரையும் குத்தாது. பாதுகாப்பு வடிவமைப்பின் முதல் பாடம் இதுவே.

இரண்டாவது பாடம் மூடியைப் பற்றியது. காயங்களில் மூன்றில் ஒரு பங்கு, மூடியை மறுபடி மாட்டுவதோடு தொடர்புள்ளவை. ‘மாட்டாதே’ என்று சொல்லியும் ஏன் மாட்டினார்கள்? கேட்டபோது செவிலியர்கள் சொன்ன காரணங்கள் நியாயமானவை. கையில் வேறு பொருட்களும் இருக்கின்றன. ஊசிப் பெட்டி தூரத்தில் இருக்கிறது. திறந்த ஊசியோடு வார்டைக் கடந்து நடப்பது தனக்கும் மற்றவர்களுக்கும் ஆபத்து. கருவியைப் பிரிக்க வேண்டுமென்றால் ஊசியை மூடாமல் பிரிக்கவும் முடியாது. ஓர் ஆபத்திலிருந்து தப்ப இன்னோர் ஆபத்தைத் தேர்ந்தெடுத்தார்கள், அவ்வளவுதான். சுவரிலிருந்த எச்சரிக்கை ஒரு வழியை அடைத்ததே தவிர, மாற்று வழி காட்டவில்லை.

இங்கிருந்துதான் பாதுகாப்பு சிரிஞ்சுகளின் இலக்கணம் பிறந்தது. ஊசி முனை மறையும்போது கை எப்போதும் முனைக்குப் பின்னால் இருக்க வேண்டும். பாதுகாப்பு அமைப்பு தனிப் பொருளாக இல்லாமல் சிரிஞ்சின் அங்கமாகவே இருக்க வேண்டும். கருவியைப் பிரிப்பதற்கு முன்பே அது செயல்பட வேண்டும். குப்பைக்குப் போன பிறகும் நீடிக்க வேண்டும்.

கடைசி நிபந்தனை ஏன் முக்கியம் என்பதை கேரன் டேலி என்ற அமெரிக்கச் செவிலியரின் அனுபவம் காட்டுகிறது. 1998-இல் பாஸ்டனில், பயன்படுத்திய ஊசியை விதிப்படி பெட்டியில் போடக் கை நீட்டியபோது, பெட்டிக்குள்ளிருந்து நீட்டிக்கொண்டிருந்த வேறோர் ஊசி அவரைக் குத்தியது. எச்.ஐ.வி.யும் ஹெபடைட்டிஸ் சி-யும் தொற்றின. பிறகு அமெரிக்க நாடாளுமன்றத்தின் முன் அவர் சாட்சியம் அளித்தார். பின்னாளில் அமெரிக்கச் செவிலியர் சங்கத்தின் தலைவராகவும் ஆனார்.

முனையை மறைக்கும் நான்கு வழிகள்

முதல் வழி சறுக்கும் உறை. சிரிஞ்சின் உருளைக்கு வெளியே இன்னொரு உருளை. ஊசி போட்டதும் அதை முன்னோக்கித் தள்ளினால் ஊசி முழுக்க மறைந்து, ‘டக்’ என்று பூட்டிக்கொள்ளும்.

இரண்டாவது சாயும் கவசம். ஊசியின் அடியில் கீல் வைத்த ஒரு சிறிய பிளாஸ்டிக் கவசம் இருக்கும். கட்டைவிரலால் தள்ளினால் அது சாய்ந்து ஊசியை மூடும். ஒரு கையே போதும்.

மூன்றாவது மழுங்கும் ஊசி. கூரான ஊசிக்குள் மழுங்கிய முனையுள்ள மெல்லிய குழாய் ஒன்று ஒளிந்திருக்கும். ரத்தம் எடுத்து முடித்ததும், ஊசி இன்னும் நரம்பில் இருக்கும்போதே, உள்குழாயை முன்னால் தள்ளிவிடலாம். வெளியே வரும்போது ஊசியின் முனை ஏற்கெனவே மழுங்கியிருக்கும்.

நான்காவது உள்ளிழுக்கும் ஊசி. பொத்தானை அழுத்தினால் முனை உள்ளே போய்விடும் பால்பாயின்ட் பேனாவை நினைத்துக்கொள்ளுங்கள். பேனாவுக்குள் ஒரு ஸ்பிரிங் ரீஃபிலைப் பின்னோக்கித் தள்ளிக்கொண்டே இருக்கிறது. ஒரு கொக்கி அதைத் தடுத்து நிறுத்தியிருக்கிறது. கொக்கி விடுபட்டதும் முனை மறைகிறது. உள்ளிழுக்கும் சிரிஞ்சும் அப்படித்தான். ஊசியைத் தாங்கும் பகுதியைச் சுற்றி ஒரு ஸ்பிரிங்கைத் தொழிற்சாலையிலேயே அழுத்தி வைத்திருப்பார்கள். ஒரு வளையம் உராய்வினால் அந்தத் தாங்கியை இறுகப் பிடித்திருக்கும். சிரிஞ்சின் தள்ளுதண்டு, அதாவது பிளஞ்சர், உள்ளீடற்றது. அதன் நுனியை ஒரு சிறிய அடைப்பான் மூடியிருக்கும். மருந்து முழுவதும் உள்ளே போனபின் தண்டை இன்னும் கொஞ்சம் அழுத்தினால் இரண்டு காரியங்கள் நடக்கும். வளையம் நழுவும், அடைப்பான் விலகும். உடனே ஸ்பிரிங் ஊசியைப் பின்னால் உந்த, அது தண்டின் வெற்றிடத்துக்குள் போய்விடும். நோயாளியின் தோலிலிருந்து நேராகச் சிரிஞ்சுக்குள் போவதால், ரத்தம் பட்ட முனை வெளிக்காற்றில் நிற்கும் நேரமே இல்லை. பேனாவின் முனையை மறுபடி வெளியே கொண்டுவரலாம். இந்த ஊசியைக் கொண்டுவர முடியாது. அதனால் அதை இரண்டாம் முறை பயன்படுத்தவும் முடியாது.

இந்த வகையில் பெயர் பெற்ற ஒரு சிரிஞ்சை உருவாக்கியவர் டெக்சாஸைச் சேர்ந்த பொறியாளர் தாமஸ் ஷா. ஊசி குத்தி எச்.ஐ.வி. தொற்றிய ஒரு மருத்துவரைப் பற்றிய தொலைக்காட்சிச் செய்திதான் அவரை இந்த வேலையில் இறக்கியது. அப்படியொரு சிரிஞ்சைச் சந்தைக்குள் நுழைக்க நடந்த சட்டப் போராட்டத்தை வைத்து 2011-இல் ‘பங்க்ச்சர்’ என்ற ஆங்கிலப் படமும் வந்தது.

முதல் மூன்று வகைகளிலும் பயன்படுத்துபவர் தனியாக ஒரு செயலைச் செய்தாக வேண்டும். அவற்றைக் கையியக்கப் பாதுகாப்பு எனலாம். ஊசி போடும் செயலிலேயே பாதுகாப்பும் தானாக நிகழ்ந்துவிட்டால் அது தன்னியக்கப் பாதுகாப்பு. மருந்து ஏற்ற நரம்பில் செருகி வைக்கும் மெல்லிய குழாய்களான வென்ஃப்ளான்களில் சிலவற்றில் ஒரு சிறிய உலோகக் கிளிப் இருக்கும். ஊசியை உருவி எடுக்கும்போது அது தானே விரிந்து முனையைக் கவ்விக்கொள்ளும். அதைச் செயல்படுத்த வேண்டும் என்று செவிலியர் நினைக்கக்கூட வேண்டியதில்லை.

யாருக்குப் பாதுகாப்பு?

கோவிட் தடுப்பூசி போட்டுக்கொண்டபோது உங்களுக்குப் பயன்பட்ட சிறிய அரை மில்லிலிட்டர் சிரிஞ்சு வேறோர் இனம். அதற்குப் பெயர் ஆட்டோ டிசேபிள் சிரிஞ்சு. ஒருமுறைக்குப் பின் தானாகச் செயலிழப்பது. சில வகைகளில், உருளைக்குள் இருக்கும் ஒரு சிறிய உலோகக் கிளிப் தண்டை முன்னே போக விடும், பின்னே வர விடாது. வேறு வகைகளில் தண்டைப் பின்னுக்கு இழுத்தால் அது ஒடிந்துவிடும். 1999-இல் உலகச் சுகாதார நிறுவனம், யுனிசெஃப் உள்ளிட்ட அமைப்புகள் கூட்டறிக்கை விட்டு, 2003-க்குள் தடுப்பூசித் திட்டங்கள் அனைத்தும் இத்தகைய சிரிஞ்சுக்கு மாற வேண்டும் என்றன. ஒரே ஊசியைப் பலருக்குப் போடுவதால் பரவும் நோய்களைத் தடுப்பதே நோக்கம்.

இந்தச் சிரிஞ்சு நோயாளியைக் காக்கிறது; செவிலியரைக் காக்காது. தண்டு பூட்டிக்கொண்டாலும் ஊசி முனை திறந்துதானே இருக்கிறது? பாதுகாப்பான ஊசி என்றால் மூன்று பேருக்குப் பாதுகாப்பு வேண்டும்: போட்டுக்கொள்பவர், போடுபவர், குப்பையை அள்ளுபவர். 2015-இல் உலகச் சுகாதார நிறுவனம், மறுபயன்பாட்டைத் தடுக்கும் சிரிஞ்சுகளுக்கு எல்லா நாடுகளும் 2020-க்குள் மாற வேண்டும் என்று கேட்டுக்கொண்டபோது, முனையை மறைக்கும் அமைப்பையும் சேர்த்தே பரிந்துரைத்தது.

எது உண்மையிலேயே பலன் தருகிறது?

சொல்வதற்கு எளிது, அளப்பதற்குக் கடினம். ஒரு லட்சம் சிரிஞ்சுக்கு ஏழு காயம் என்ற விகிதத்தில் நடக்கும் ஒன்றை, சில ஆயிரம் சிரிஞ்சுகளை வைத்துச் சோதித்தால் எதுவும் தெரியாது. ஒரு காயம்கூட நடக்காமல் போகலாம். போதாததற்கு, காயப்பட்ட பலர் வெளியே சொல்வதில்லை. சிறிய ஆய்வுகளின் முடிவுகள் ஒன்றோடொன்று முரண்படுவதற்கு இவையும் காரணம்.

பெரிய ஆய்வுகள் ஓரளவு தெளிவு தருகின்றன. அமெரிக்க நோய்த்தடுப்பு மையம் 1993 முதல் 1995 வரை ரத்தம் எடுக்கும் ஊசிகளை ஆராய்ந்தது. மழுங்கும் ஊசி காயங்களை 76 சதவீதம் குறைத்தது. கீல் வைத்த கவசம் 66 சதவீதம். பிடிப்பதற்கு இரு சிறு இறக்கைகளும் சறுக்கும் உறையும் கொண்ட ஊசி 23 சதவீதம்தான். 2010-இல் பிரான்ஸில் 61 மருத்துவமனைகளில், 2 கோடியே 20 லட்சத்துக்கும் மேற்பட்ட பாதுகாப்புக் கருவிகளைக் கணக்கில் எடுத்த ஆய்வு வெளிவந்தது. பதிவானவை 453 காயங்கள், லட்சத்துக்கு இரண்டுதான். அவற்றிலும் மிகக் குறைவாகக் குத்தியவை தன்னியக்கக் கருவிகள். கையால் இயக்குபவற்றில் சாயும் கவசத்தைவிடச் சறுக்கும் உறை மோசமாக இருந்தது. இரண்டு நாடுகளில், பத்தாண்டுக்கு மேற்பட்ட இடைவெளியில், சறுக்கும் உறையே கடைசி இடத்தில் நிற்கிறது. மனிதர் கூடுதலாகச் செய்ய வேண்டிய வேலை எவ்வளவு குறைகிறதோ அவ்வளவு பாதுகாப்பு கூடுகிறது.

சட்டம் வந்தபோதும் அது தெரிந்தது. 2000 நவம்பரில் அமெரிக்கா ஊசிக்குத்துப் பாதுகாப்புச் சட்டத்தை இயற்றி, மருத்துவமனைகள் பாதுகாப்புக் கருவிகளை வாங்கியே ஆக வேண்டும் என்றது. ஜாக்கரும் சகாக்களும் மருத்துவமனைப் பதிவுகளைப் பார்த்தபோது, 2001-இல் காயங்கள் 38 சதவீதம் சரிந்திருந்தன. செவிலியர்கள் ஓராண்டில் திடீரென்று அத்தனை கவனசாலிகளாக மாறியிருக்க முடியாது. அவர்கள் கையிலிருந்த கருவி மாறியிருந்தது. ஐரோப்பிய ஒன்றியமும் 2010-இல் ஆணை பிறப்பித்து, 2013 மே மாதத்துக்குள் நடைமுறைப்படுத்தச் சொன்னது.

குறைகள் இல்லாமல் இல்லை. உள்ளிழுக்கும் சிரிஞ்சில் தண்டைக் கடைசிவரை அழுத்தினால்தான் ஊசி மறையும். மருந்தைப் பாதியில் நிறுத்த வேண்டிய இடங்களில் அது உதவாது. சில பாதுகாப்பு வென்ஃப்ளான்களில் ரத்தம் தெறிப்பது கூடியதாகவும் ஆய்வுகள் சொல்கின்றன. எல்லாவற்றுக்கும் மேலே விலை. 2015-இல் ஐ.நா. அமைப்புகள் சாதாரண சிரிஞ்சை மூன்று, நான்கு அமெரிக்க சென்ட்டுக்கு வாங்கின. பாதுகாப்பு சிரிஞ்சின் விலை குறைந்தது இரண்டு மடங்கு. ஆனால் ஒரு செவிலியருக்கு ஊசி குத்திவிட்டால் ஆகும் பரிசோதனை, மருந்து, விடுப்பு, மாதக்கணக்கான கவலை ஆகியவை சிரிஞ்சின் விலைப்பட்டியலில் வருவதில்லை.

இந்தியாவில் 2016-ஆம் ஆண்டின் மருத்துவக் கழிவு விதிகள், ஊசிகளைத் துளைபடாத வெள்ளைப் பெட்டியில் போடச் சொல்கின்றன. 2017-இன் எச்.ஐ.வி. தடுப்புச் சட்டம், தொற்று அபாயமுள்ள பணியிடங்களில் பாதுகாப்புப் பொருட்களையும் காயத்துக்குப் பிந்தைய தடுப்பு மருந்தையும் தருவது நிறுவனத்தின் கடமை என்கிறது. ஆனால் ஊசியை வெட்டும் ஹப் கட்டர்வரை திறந்த ஊசியோடுதான் கை போக வேண்டியிருக்கிறது. சிரிஞ்சிலேயே பாதுகாப்பு இருந்தால் அந்த இடைவெளி அடைபடும்.

அதுவரை செய்யக்கூடியவை சில உண்டு. மருத்துவப் பணியில் இருப்பவர்கள் ஹெபடைட்டிஸ் பி தடுப்பூசியின் மூன்று தவணைகளையும் முடித்திருக்க வேண்டும். ஊசி குத்திவிட்டால் விரலைப் பிதுக்கவோ வாயில் வைக்கவோ கூடாது. சோப்பும் தண்ணீரும் கொண்டு கழுவிவிட்டு உடனே தெரிவிக்க வேண்டும். எச்.ஐ.வி. தடுப்பு மருந்தை முடிந்தால் இரண்டு மணி நேரத்துக்குள், அதிகபட்சம் 72 மணி நேரத்துக்குள் தொடங்கி, 28 நாட்கள் சாப்பிட வேண்டும். காயப்பட்டவரைத் திட்டுகிற மேலதிகாரி, அடுத்தவர் காயத்தை மறைக்கத்தான் கற்றுக்கொடுக்கிறார்.

நமக்கும் பங்கு உண்டு. உலகில் ஆண்டுக்கு 1,600 கோடி ஊசிகள் போடப்படுவதாக உலகச் சுகாதார நிறுவனம் சொல்கிறது. அவற்றில் தடுப்பூசி 5 சதவீதம்தான், 90 சதவீதம் மருந்து செலுத்துவதற்கு. மாத்திரையே போதும் என்று மருத்துவர் சொல்லும்போது ‘ஒரு ஊசி போட்டுவிடுங்கள்’ என்று வற்புறுத்தாதீர்கள். வீட்டில் இன்சுலின் போட்டுக்கொள்பவர்கள் ஊசியை அப்படியே குப்பைக் கூடையில் போடாமல், கெட்டியான பிளாஸ்டிக் டப்பாவில் சேர்த்து, இறுக மூடி, மேலே ‘ஊசி’ என்று எழுதித் தனியாகக் கொடுங்கள். அந்தக் குப்பையைக் கையால் பிரிப்பவருக்குப் பாதுகாப்பு சிரிஞ்சும் கிடையாது, சுவரில் எச்சரிக்கையும் கிடையாது.